ஒன்றரை ஏக்கர் தூரம்

மேல்தாளையில் வேலாண்டி என்பவர் தன் பூண்டுத் தோட்டத்து வாயிலில் மூங்கில் படல் கட்டி, கூகைமுடிக்கு ஏறுகிறவர்கள் தலைக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்று சொன்ன சனிக்கிழமையன்று, அதுவரை பத்து நிமிடத்தில் கடந்துவிடக்கூடியதாக இருந்த அந்த ஒன்றரை ஏக்கர் தோட்டம் ஐந்து மணி நேர நடைத் தூரமாக நீண்டுவிட்டது.

அதற்கு முன்பு நடந்ததெல்லாம் எந்த மலையிலும் நடக்கக்கூடியதுதான். கூகைமுடி உச்சியில் நின்றால் கிழக்கே சமவெளியும் மேற்கே மேகமும் ஒரே பார்வையில் தெரியும் என்பதற்காகச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களைக் கூட்டிவந்தவர் திண்டுக்கல்காரரான எட்வின். மழை கொட்டும் மாதங்கள் தவிர, பதினோரு வருடமாக வாரம் தவறாமல் வேன் நிறைய ஆள் ஏற்றிவந்து, ஊருக்குள் நாலைந்து பேருக்குச் சமையல் கூலியும் சுமைகூலியும் கொடுத்துவந்த அவர், காட்டுக்குள் போவதற்கு வனத்துறையிடம் முறைப்படி அனுமதி வாங்கிவிடுவார். ஆனால் ஊர் முடிந்து காடு தொடங்குவதற்கு முன்னால் வேலாண்டியின் தோட்டம் கிடந்தது. அதைத் தாண்டாமல் காட்டுக்குப் போக நல்ல வழி கிடையாது.

அந்தத் தோட்டமும் அதற்கு மேலே காட்டை ஒட்டிய நிலமும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக வேலாண்டியின் மாமனாருக்கு இருந்தவை. ஆண் வாரிசு இல்லாத அந்த மனிதர் மேல்துண்டை மூத்த மகள் பெருமாயிக்கும் கீழ்த்துண்டை இளைய மகள் அங்கம்மாளுக்கும் எழுதிவைத்தார். அங்கம்மாளைக் கட்டிக்கொண்டு வந்த வேலாண்டி, இருபத்தாறு வருடமாக ஓடையிலிருந்து கல் சுமந்து ஒன்பது வரப்பு கட்டி, சரிந்து கிடந்த மண்ணைப் படிப்படியாக நிறுத்தி, பாத்தி பிரித்துப் பூண்டு போட்டார். பட்டாவும் அவர் பெயருக்கு மாறியது. அந்தப் பாத்திகளில்தான் வாரம் முப்பது ஜோடி தடித்த காலணிகள் ஏறி இறங்கின. ஓடையில் பிஸ்கட் உறைகள் மிதந்தன. வரப்பின் மேல் கல்லை உருட்டி அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

"இது நடைபாதைண்ணே. உங்க மாமனார் காலத்துலேர்ந்து சனங்க நடந்த தடம். இதுக்குப் போய்க் காசு கேட்டா எப்படி?" என்று எட்வின் கேட்டார்.

"சனங்க நடந்தா தடம். நீ காசு வாங்கிட்டுக் கூட்டியாந்தா யாவாரம். உன் யாவாரத்துக்கு என் பூண்டு ஏன் சாகணும்?" என்று வேலாண்டி கேட்டார்.

இரண்டு பேரும் கேட்டது நியாயமாக இருந்ததால் ஊர் யார் பக்கமும் சேரவில்லை. கடைசியில் அந்தச் சனிக்கிழமை, வாய் வலிக்கப் பேசி முடித்தபின், எட்வின் பணத்தைத் தகர டப்பாவுக்குள் எறியாத குறையாகப் போட்டுவிட்டுப் பதினெட்டுப் பேரோடு காலை எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தார்.

ஒன்பது மணிக்குத் தண்ணீர்க் குடத்தோடு வந்த அங்கம்மாள், அவர்கள் இன்னும் மூன்றாவது வரப்பைத் தாண்டாததைப் பார்த்தாள். படம் எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று வேலாண்டி சொன்னார். அவர்கள் படம் எடுக்கவில்லை, நடந்துகொண்டிருந்தார்கள். காலை வீசி, மூச்சு வாங்கி, ஒருவர் பின் ஒருவராக, கல்லெறி தூரத்தில் நடந்துகொண்டேயிருந்தார்கள். உள்ளே எட்வினுக்கோ ஒரு வரப்பு ஏறினால் இன்னொரு வரப்பு, அதை ஏறினால் அதேபோல் இன்னொன்று, அதே கல், அதே பாத்தி, அதே பூண்டுத் தாள், பன்னிரண்டு மணி வெயில், பிறகு ஒரு மணி வெயில். மறுகோடியில் வெளியேறியபோது அந்தப் பதினெட்டுப் பேரும் ஆச்சரியப்படவில்லை. இவ்வளவு தூரம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா என்றுதான் எட்வினிடம் சண்டை பிடித்தார்கள். மறுநாள் இறங்கி வரும்போது தோட்டம் பழையபடி பத்து நிமிடம்தான் இருந்தது, ஏனென்றால் இறங்குவதற்கு வேலாண்டி காசு கேட்கவில்லை.

அடுத்த வாரம் வேலாண்டி கட்டணத்தை நூறாக்கினார், தோட்டம் ஒரு பகலும் ஓர் இரவுமாக ஆனது. ஊருக்கு விஷயம் இவ்வளவில் புரிந்துவிட்டது. ஏன் இப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை ஏன் சாய்ந்து பெய்கிறது என்று கேட்காத மாதிரி இதையும் கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் சங்கிலி கொண்டுவந்து வெளியிலிருந்து அளந்தார், ஒன்றரை ஏக்கர். பிறகு தன் கைக்காசு நூறைக் கட்டிவிட்டு உள்ளே போய் அளந்தார், எண்பது ஏக்கரை எட்டியபோது இருட்டத் தொடங்கியதால் விட்டுவிட்டார். இரண்டில் எதைப் பதிவு செய்வது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, ஏற்கெனவே இருப்பதையே பதிவு செய்யவும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. பேருந்து நடத்துனர் நிறுத்தத்தின் பெயரை மாற்றி, "நீளத்தோட்டம் இறங்கு" என்று கூவத் தொடங்கினார். டீக்கடைக்காரர் ஒருவர், காசு கட்டாமல் போனால் தோட்டம் சின்னதாகவே இருக்கிறது, உள்ளே தாகத்தோடு நடக்கிறவர்களை எட்ட முடியவில்லை என்று கண்டுபிடித்து, தானும் கட்டணம் கட்டிக் கெட்டிலோடு உள்ளே போய் விற்றுவிட்டு வந்தார். உள்ளே எவ்வளவு தூரம் போயிருந்தாலும் திரும்பி நடந்தால் பத்தே நிமிடத்தில் படலுக்கு வந்துவிடலாம் என்பதும் அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. அதற்குப்பின், வீட்டில் சண்டை போட்டவர்கள் டப்பாவில் காசைப் போட்டுவிட்டு உள்ளே போய், மத்தியானம் வரை தனியாக நடந்து, கோபம் ஆறியதும் திரும்பி வந்து சோறு சாப்பிட்டார்கள். ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. காசு கொடுத்துவிட்டோமே என்று கடைசிவரை நடந்தார்கள்.

எட்வினுக்கு முதல் இரண்டு மாதம் ஆள் குறைந்தது. மூன்றாவது மாதம், உச்சியைப் பற்றிக் கேட்காமல் தோட்டத்தைப் பற்றியே கேட்டு ஆட்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். கண்ணுக்கு எதிரே ஊர் தெரிய, கோயில் மணி கேட்க, நாள் கணக்காக நடந்தாலும் முடியாத பூண்டுத் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்க அவர்களுக்கு ஆசையாக இருந்தது. எட்வின் அதையே விளம்பரம் செய்தார். வேலாண்டி கட்டணத்தை முந்நூறாக்கினார், தோட்டம் மூன்று நாளானது, எட்வினும் பயணத்தை மூன்று நாளாக்கினார். இரண்டு பேருக்கும் அதனால் லாபம்தான், ஆனால் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. வேலாண்டிக்கு உள்ளூர ஒரு மனக்குறையும் இருந்தது. அவருக்கு மட்டும் அது எப்போதும் ஒன்றரை ஏக்கராகவே இருந்தது. ஊரெல்லாம் நாள் கணக்கில் நடக்கிற தோட்டத்தில் அவர் அறுத்த பூண்டு பழைய ஒன்றரை ஏக்கர்ப் பூண்டுதான். தனக்குத் தெரியாத அத்தனை நிலமும் எங்கே கிடக்கிறது என்று படலோரம் உட்கார்ந்து யோசிப்பார்.

இதையெல்லாம் பார்த்து மேல்துண்டுக்காரியான பெருமாயியும் தன் நிலத்தில் ஒரு படல் கட்டினாள். புருஷன் இறந்து எட்டு வருடமாகத் தனியாக ஒரு பசுவை வைத்துக்கொண்டு ஊருக்குள் குடியிருந்த அவள், தினமும் தங்கையின் தோட்டத்தைக் கடந்துதான் தன் நிலத்துக்குப் போய் வருவாள். அவள் படலுக்குப் பின்னால் நிலம் ஓர் அடிகூட நீளவில்லை. மூன்று நாள் நடந்து வந்தவர்கள் அவளுக்குக் காசு கொடுக்கிற நிலையிலும் இல்லை. ஆத்திரத்தில் அவள், ஓடைப் பள்ளத்தில் இறங்கி முள்ளுக்குள் புகுந்தால் தோட்டத்தைத் தொடாமல் ஏறிவிடலாம் என்று இரண்டு கூட்டத்துக்கு வழி காட்டிவிட்டாள்.

அது தெரிந்த அன்று வேலாண்டி பெருமாயியைப் படலில் மறித்தார்.

"மதினி, இனிமே நீங்களும் பத்து ரூபா போட்டுட்டுத்தான் போகணும்."

பெருமாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கப்பன் நடந்த மண்ணுல நடக்க எனக்குக் கூலியா தம்பி?" என்றாள். அவர் டப்பாவை முன்னால் நகர்த்தினார். முந்தானையில் முடிந்திருந்த பத்து ரூபாயை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பசுவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து ரூபாய்க்கு எவ்வளவு நீளும் என்று ஊரில் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது. காலை ஆறரைக்குப் போனவள் மேல்துண்டை எட்டும்போது சூரியன் மேற்கே இறங்கியிருந்தது. வெளியூர்க்காரன் கொடுக்கிற நூறைவிடக் கட்டினவளின் அக்கா கொடுக்கிற பத்து கனமானது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தினமும் ஒரு பகல் நடக்கவும் முடியாது, பசுவோடு ஓடை முள்ளுக்குள் புகவும் முடியாது என்பதால் பெருமாயி அந்த வாரமே மேல்துண்டில் தகரம் போட்டு ஒரு குடிசை கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். ஊருக்கு இறங்குவதையும் நிறுத்தினாள், இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே.

அங்கம்மாள் நாற்பத்தெட்டு வயதுக்காரி, அதிகம் பேசாதவள். படல் கட்டியபோதும் கட்டணம் ஏறியபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, மிதிபட்ட பூண்டைப் பார்த்து அவளும்தான் வயிறெரிந்தாள். அக்கா போன பத்தாம் நாள், சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்காகிட்ட வாங்குனதைத் திருப்பிக் குடுத்துட்டு, வரச்சொல்லுங்க."

"அவ பண்ணுனது துரோகம் இல்லையா?"

"துரோகந்தான். அதுக்கு நீங்க நாலு வார்த்தை வஞ்சிருக்கலாம். வழிய நீட்டுனீங்களே."

"நானா நீட்டுனேன்? அதுவா நீளுது."

"கைய நீட்டுனது நீங்கதான்," என்றாள் அங்கம்மாள்.

கட்டணம் போடாமல் நீயே போய்ப் பெருமாயியைப் பார்த்துவிட்டு வரலாமே, உனக்குத்தான் பத்து நிமிடம் ஆயிற்றே என்று வேலாண்டி சொன்னார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மறுநாள் காலை, ராகி மாவும் வெல்லமும் ஒரு சின்னச் சட்டியும் தீப்பெட்டியும் களைக்கொத்தும் ஒரு பையில் போட்டுக்கொண்டு படலுக்கு வந்து, காதிலிருந்த தோட்டைத் திருகிக் கழற்றினாள். அவளுடைய அம்மா போட்டிருந்த தோடு அது. பூண்டு விலை படுத்த வருடங்களில்கூட அடகுக்குப் போகாத ஒரே பொருள். இரண்டையும் டப்பாவுக்குள் போட்டாள்.

"என்ன பண்றே அங்கம்மா?"

"எங்கக்காவுக்குள்ள வழிதான் எனக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே கால் வைத்தாள்.

டப்பாவைக் கவிழ்த்துத் தோட்டை எடுத்துக்கொண்டு வேலாண்டி பின்னாலேயே ஓடினார். அவள் இரண்டாவது வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். அவர் இரண்டாவது வரப்பை எட்டியபோது அவள் அதற்கு அடுத்த பாத்தியில் போய்க்கொண்டிருந்தாள். அந்தப் பாத்திக்கு அவர் ஓட, அவள் இன்னும் ஒரு பாத்தி தள்ளித் தெரிந்தாள். இப்படி ஓடி ஓடி அவர் பத்து நிமிடத்தில் தோட்டத்தின் மறுகோடிக்கே வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் அவள் கீழே, அதே இரண்டாவது வரப்பருகே, முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டி அவரை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் பார்வை அவர் நின்ற இடத்தைத் தாண்டி எங்கோ இருந்தது. கூப்பிட்டார். குரல் அவள் வரை போகவில்லை.

அவள் நினைத்தால் திரும்பி நடந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வந்திருக்கலாம். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அன்று அவள் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. படலோரம் நின்றால் அவள் தெரிந்துகொண்டே இருந்தாள். காலையில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டுவதும், பிறகு நடப்பதும், நடுவில் குனிந்து களைக்கொத்தால் எதையோ கொத்துவதும், ஓடையில் முகம் கழுவுவதும் தெரிந்தன. நாலாம் நாள் வேலாண்டி படலைப் பிடுங்கி அடுப்புக்கு வெட்டிப் போட்டார், அவளுக்குத் தோட்டம் குறுகவில்லை. பெருமாயி குடிசை வாசலில் பத்து ரூபாயைக் கொண்டுபோய் வைத்தார். பெருமாயி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "என் தங்கச்சி எங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். அக்காளும் அவரும் சேர்ந்து நின்று, கீழே கைக்கெட்டும் தூரத்தில் நடந்துவந்துகொண்டிருந்த அவளைப் பார்த்தார்கள்.

பூசாரி வந்து தேங்காய் உடைத்தார். கிராம நிர்வாக அலுவலர் இது தன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்றார். பதினோராம் நாள் எட்வின் வேனை விட்டுத் தனியாக இறங்கி, வேலாண்டி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தத் தோட்டத்துக்குள் ஊரில் எவரையும்விட அதிக நாள் நடந்தவர் அவர்தான்.

"அண்ணே, நீங்க சும்மா போனா அது ஒன்றரை ஏக்கர்தான். அங்கம்மாக்கா இருக்கறது வேற தோட்டத்துல. நீங்களும் கட்டணம் கட்டித்தான் உள்ள போகணும்."

"என் தோட்டத்துக்கு நான் யாருகிட்டக் கட்டுறது? நானே போட்டு நானே எடுத்தும் பாத்துட்டேன் தம்பி. ஒண்ணும் ஆகல."

"என்கிட்ட கட்டுங்க."

வேலாண்டி எழுந்து தன் முக்காலியைத் தட்டி எட்வினுக்குப் போட்டார். எட்வின் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அந்த முதல் சனிக்கிழமை எந்த இடத்தில் நின்று சண்டை போட்டாரோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து, முந்நூறு ரூபாய் கேட்டார். கேட்கும்போது அவருக்குக் கூச்சமாக இருந்தது. வேலாண்டி கட்டிவிட்டு உள்ளே போனார். அன்றுதான் முதல்முறையாகத் தன் தோட்டம் நீண்டு கிடப்பதை அவர் பார்த்தார். தான் சுமக்காத கற்களால், தன் கைவாக்கிலேயே கட்டப்பட்ட வரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போயின. மூன்று நாள் நடந்தார். வழியெல்லாம் பிஸ்கட் உறைகளும் அணைந்த அடுப்புகளும் கிடந்தன. அங்கம்மாள் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மறுகோடியில் வெளியே வந்து, இறங்கி, எட்வின் முன்னால் நின்றார்.

"அவ முந்நூறு ரூபாயா போட்டா? தோட்டையில்ல போட்டா. அது கணக்குக்கு நான் எதைப் போட முடியும்?" என்றார். பிறகு அவரே, "நாளைக்குப் பதிவு ஆபீஸுக்கு வாங்க," என்றார்.

மறுநாள் இருவரும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில், வளைவுகளில் தோள் இடிபட இறங்கிப் போனார்கள். அதுவரை அவர்கள் அவ்வளவு நேரம் சண்டையில்லாமல் சேர்ந்து இருந்ததில்லை. மேல்தாளை கிராமத்தில் ஒன்றரை ஏக்கர் புன்செய், கல்வரப்பு ஒன்பது உள்பட, எட்வின் பெயருக்கு எழுதப்பட்டது. எழுத்தர் விலை எவ்வளவு போடுவது என்று கேட்டார். எட்வின் வேலாண்டியைப் பார்த்தார். "சர்க்காரு எது சொல்லுதோ அதைப் போடுங்க. நான் எதுவும் வாங்கல," என்று வேலாண்டி சொன்னார். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கல் சுமந்த காய்ப்பு அங்கே கெட்டியாக இருந்தது. பிறகு போட்டார்.

மதியம் மூன்று மணிக்கு ஊர் திரும்பி, எட்வின் முக்காலியில் உட்கார, வேலாண்டி தோட்டுப் பொட்டலத்தை இடுப்பில் செருகி, ஒரு பை ராகி மாவைத் தோளில் போட்டுக்கொண்டு, தனக்குச் சொந்தமில்லாத நிலத்துக்குள் கால் வைத்தார்.

இந்தத் தடவை அவர் ஆறு நாள் நடந்தார். முதல் இரண்டு நாளில் குப்பை தீர்ந்துவிட்டது. அதற்குப்பின் வரப்பெல்லாம் பழைய காலத்து வரப்புபோல மண்ணாலேயே இருந்தன, பிறகு வரப்பே இல்லாமல் சரிவு மட்டும் இருந்தது. அவர் அதில் வந்து சேர்வதற்கு முன்னால் அந்த மண் எப்படி இருந்ததோ அப்படி. கையால் மண்ணை அள்ளிப் பார்த்தார், நல்ல மண்தான். நாலாம் நாள் களையெடுத்த பாத்தி ஒன்று தென்பட்டது. பிடுங்கிய களை ஓரமாகக் குவிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் இன்னொன்று, இன்னொன்று. அந்தக் களைக் குவியல்களைப் பிடித்துக்கொண்டே நடந்து, ஆறாம் நாள் காலையில், ஒரு மேட்டில் குனிந்து கொத்திக்கொண்டிருந்த அங்கம்மாளின் முதுகைப் பார்த்தார். மெலிந்து, கறுத்து, சேலையை முட்டிவரை ஏற்றிச் செருகியிருந்தாள்.

"அங்கம்மா."

இம்முறை குரல் போய்ச் சேர்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு நிலத்துக்கு எவ்வளவு களை எடுக்கணும்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

அவருக்கு அழுகை வந்தது. அதை அவள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். பொட்டலத்தை நீட்டினார். இம்முறை அது அவள் கை வரை போனது. அவள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே வச்சிருங்க. நடக்கறப்பக் காதுல இல்லாதது நல்லாத்தான் இருக்கு."

நிலத்தை எட்வினுக்கு எழுதிக்கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார். அவள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "எங்கப்பன் நிலம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள். "கேக்கறதுக்குத்தான் வந்தேன்," என்றார் அவர். அது அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது. சட்டியில் மிச்சமிருந்த ராகிக் கூழை இரண்டாகப் பகிர்ந்து குடித்தார்கள்.

"திரும்பிப் போயிரலாமா? பத்து நிமிசந்தான்," என்று கேட்டார்.

"திரும்புறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? அக்கா வீட்டுப் புகை தெரியுது, பாருங்க."

அவருக்குப் புகை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவள் காட்டிய பக்கமே நடந்தார்கள். அந்த நடை இன்னும் ஐந்து நாள் நீடித்தது. இருபத்தாறு வருடத்தில் பேசாமல் விட்டதை அதில் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. மழைக்கு எந்தப் பக்கம் வடிகால் எடுப்பது, இந்த மண்ணுக்குப் பூண்டு நல்லதா பீன்ஸ் நல்லதா என்பது போன்றவற்றைத்தான் பேசினார்கள். ஐந்தாம் நாள், அடுப்பு மூட்டுகிற நேரத்தில், பெருமாயியின் குடிசைக்குப் பக்கத்தில் வெளியே வந்தார்கள். பெருமாயி தங்கையை ஒரு பேச்சும் பேசாமல் உள்ளே கூட்டிப்போனாள். வேலாண்டி வாசலிலேயே நின்றார். சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து பெருமாயியின் குரல் வந்தது: "வாசல்ல நிக்கறவருக்குத் தனியா வெத்தலை பாக்கு வைக்கணுமாக்கும். வந்து சாப்பிடச் சொல்லு." அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

மறுநாள் எட்வின் பத்திரத்தோடு ஏறி வந்தார். திருப்பி எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"வேண்டாம் தம்பி. அதுல நான் நடந்து முடிச்சுட்டேன்," என்றார் வேலாண்டி. அங்கம்மாளைப் பார்த்தார். அவள், "குடுத்ததைத் திருப்பிக் கேட்டா அதுவரைக்கும் நடந்தது எங்க போகும்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மேல்துண்டு விளைச்சல் இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டு மூன்று பேரும் உழைத்தார்கள். பெருமாயி வேலாண்டியோடு முழுதாக ராசியாகவில்லை, ஆனால் அவர் கட்டிய கல்வரப்பு நேராக இருக்கிறது என்று மூன்றாம் மனிதரிடம் சொன்னாள்.

எட்வின் மறுபடியும் படல் கட்டவில்லை. தோட்டம் எல்லோருக்கும் பத்து நிமிடமாகவே இருந்தது. முடியாத தோட்டத்துக்காகப் பதிவு செய்திருந்தவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். சிலர் அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதினார்கள். மற்றவர்கள் பழையபடி கூகைமுடி உச்சிக்கே வந்தார்கள். நடத்துனர் மட்டும் பழகிப்போய் "நீளத்தோட்டம்" என்றே கூவினார். நிலம் வெறுமனே கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அங்கம்மாள் மேலேயிருந்தே சத்தம் போட்டாள். அதற்குப் பயந்து எட்வின் விதைப் பூண்டு வாங்கி, வேலாண்டியிடம் கேட்டுக் கேட்டுப் பாத்தி பிடித்து ஊன்றினார். அவர் வாழ்க்கையில் மண்ணில் எதையும் ஊன்றியது அதுவே முதல் தடவை. முளை வந்த அன்று தன் கூட்டத்தை ஓடையோரமாகச் சுற்றி அழைத்துப்போனார்.

மார்கழியில், எட்வினைப் பார்த்துத் தொழிலுக்கு வந்த இன்னொரு நிறுவனம் முப்பது பேரைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் போன பிறகு பார்த்தால் இரண்டு பாத்தி நசுங்கிக் கிடந்தது. எட்வின் அந்தப் பாத்தியருகே அன்று முழுக்க உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அவர்கள் வருகிற நேரத்துக்கு முன்பே போய், படல் இருந்த குழிகளுக்கு நடுவில் நின்றார். நிற்கும்போது வலது கை தானாக முன்னால் வருவதுபோல் இருந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கூட்டத்தை நடத்திவந்த பெண் அவரைப் பார்த்ததும் நின்று, பையைத் திறந்தார்.

"நிலத்துக்காரர் நீங்கதானா சார்? எவ்வளவு குடுக்கணும்?"

எட்வின் நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்துக்கு அந்தப் பக்கம், பத்து நிமிடத் தொலைவில், அங்கம்மாள் கொடியில் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பூண்டை மிதிக்காம போங்க," என்றார்.

முப்பது பேரும் வரிசையாக, வரப்போரமாகப் போனார்கள். கடைசியாகப் போன ஒருவர் மட்டும் படம் எடுப்பதற்காகப் பின்னால் நகர்ந்து ஒரு பாத்திக்குள் கால் வைத்துவிட்டார். எட்வின் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த ஆள் போகும்வரை காத்திருந்து, பிறகு கைகளை அவிழ்த்து, குனிந்து, சாய்ந்த தாள்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தார்.